நிறுத்திய பிறகும் ஓடும் கார்

என் வாழ்க்கையில் நானாக ஆசைப்பட்டு வாங்கிய வாகனம் ஒரு சைக்கிள் மட்டும்தான். அந்தக் கார் என் தலையில் வந்து விழுந்தது. ஜப்பானுக்குப் போன என் தம்பி அங்கே பழைய கார்களைக் கழற்றி விற்கும் ஒரு யார்டில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு வருஷம் மூச்சைப் பிடித்து உழைத்து, ஒரு காரை வாங்கி, என் பெயருக்குக் கப்பலேற்றிவிட்டான். "நான் வந்து ஓட்டுறதுக்குத்தாண்ணே. அதுவரைக்கும் நீங்க பாத்துக்கங்க" என்று போனில் சொன்னான். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் மாத்தளையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அரைக்கைச் சட்டை, குடை, சாப்பாட்டுப் பொட்டலம், அவ்வளவுதான் நான். வந்து இறங்கியதோ இரண்டே கதவுள்ள, தரையோடு ஒட்டிய ஒரு வெள்ளை டர்போ கார். மூக்கில் காற்றுப் போக ஒரு ஓட்டை, பின்னால் விமானத்துக்கு இருப்பதுபோல ஒரு செட்டை. என் மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல நாங்க எங்கங்க உக்காருறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பின் சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன் சீட்டை மடித்து, தலையைக் குனிந்து, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. ஆகவே அந்தக் கார் எங்களிடம் இருந்த காலம் முழுக்க அம்மா முன்னால் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். என் மனைவி பின்னால் மூட்டை மாதிரிக் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் அவள் காரைவிட்டு வெளியே வரும் பாட்டைப் பார்த்து நான் சிரித்துவிட்டால், அன்று மத்தியானம் வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது.

அம்மாவுக்கு மட்டும் காரில் ஒரு குறையும் தெரியவில்லை. வந்த கிழமையே சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பித்தாள். தன் கையாலேயே கண்ணாடியில் ஒரு செபமாலையைத் தொங்கவிட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"தங்கச் சங்கிலி அனுப்புறவன் வராமப் போகலாம், பெரியவனே. காரு அனுப்பினவன் வந்தே ஆகணும். ஓட்டுறதுக்குத்தானே அனுப்பியிருக்கான்? இது இருக்கிற வரைக்கும் சின்னவன் வருவான்."

அது அவளுடைய கணக்கு. அதில் பிழை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. தம்பி விசா முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டவன். ஒரு தடவை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். "பேப்பர் சரியானதும் வர்றேன்" என்று ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார் வாழ்த்தோடு சொல்வான். அம்மா அப்படிச் சொன்ன அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இனி இந்தக் காருக்கு ஏதாவது ஆனால், தம்பிக்கே ஆனதுபோலத்தான் இந்த வீட்டில் இருக்கும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இதை உயிரோடு வைத்திருப்பது என் பொறுப்பு.

உயிரோடு வைத்திருப்பது லேசான வேலை இல்லை. காலையில் நான் பல் விளக்குவதற்கு முன் அதற்கு ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பிந்திவிட்டால் குசினியில் சமைத்துக்கொண்டே அம்மா குரல் கொடுப்பாள்: "இன்னும் சத்தம் கேக்கலியே?" சாதாரண பெற்றோல் அதற்கு ஒத்துக்கொள்ளாது. நல்ல பெற்றோல் மாத்தளையில் எப்போதும் கிடைக்காது. கிடைக்காத நாட்களில் கண்டிப் பக்கம் போக வேண்டும். போய் வருவதற்குள் வாங்கியதில் பாதியை அதுவே குடித்துவிடும். பலாபத்வலையில் ஒரு சிங்கள பாஸ் கராஜ் வைத்திருந்தார்; மெக்கானிக்கை எங்கள் ஊரில் பாஸ் என்போம். லொறிகளும் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின்களும் பழுதுபார்ப்பவர். எங்கள் காரின் பொனட்டைத் திறந்து முதல் தடவை உள்ளே பார்த்ததும் "மே யக்கா" என்று பின்வாங்கினார். பிசாசு என்று அர்த்தம். அந்தப் பெயரே ஊரில் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு தடவை போகும்போதும் அந்த டர்போவைக் கழற்றி வீசிவிட்டால் எனக்கும் நிம்மதி, தனக்கும் நிம்மதி என்று கெஞ்சுவார். மாட்டேன் என்பேன். திட்டிக்கொண்டே வேலையைத் தொடங்குவார். ஒரு தடவை அவர் பூட்டிய குழாய் அலுவிகாரைக்குக் கிட்ட நடுரோட்டில் கழன்றது. ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் அதைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

இந்த டர்போவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான். எஞ்சினுக்குப் பக்கத்தில் நத்தைக்கூடு மாதிரி ஒரு இரும்பு. புகை போகிற வேகத்தில் அது சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். ஓடி வந்து நிற்கும்போது அது பழுக்கக் காய்ந்திருக்கும். அந்தச் சூட்டோடு எஞ்சினை நிறுத்தினால் உள்ளே எண்ணெய் கருகி, எல்லாம் பாழ். அதனால் தம்பி ஒரு சின்னக் கருவியைப் பூட்டி அனுப்பியிருந்தான். சாவியை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விடலாம். எஞ்சின் தானாகவே கொஞ்ச நேரம் ஓடி, ஆறி, பிறகு தானாக நிற்கும். அதுவரைக்கும் டாஷ்போர்டில் சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். டர்போ டைமர் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் நான் காரை விட்டதும் பிள்ளைகள் ஓடி வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அந்த எண்களைக் கூட்டமாகக் கத்துவார்கள். நான் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் அதில் பாதிச் சத்தம்கூட வராது.

அடுத்த தலையிடி இன்சூரன்ஸ். முதலில் போன கம்பெனி, வாத்தியாருக்கு எதற்கு ரேஸ் கார் என்று கேட்டே திருப்பி அனுப்பியது. கடைசியில் உக்குவளையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் ஏஜென்ட் இரக்கப்பட்டு எங்கேயோ பேசிச் சரிப்படுத்திக் கொடுத்தார். நல்ல மனிதர், எந்தக் கெட்ட செய்தியையும் சிரித்த முகத்தோடு சொல்வார்.

"சேர், சும்மா கவர் போதாது. கலவரம், பயங்கரவாதம், அது தனி. அதுக்குத் தனியாக் கட்டணும்."

"கட்டாட்டி?"

"எரிச்சுப் போட்டா ஒண்ணும் கிடைக்காது சேர். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்த கார்கள் எப்படி இருக்கும் என்று பார்த்தவன் நான். டயர் இல்லாமல், கண்ணாடி இல்லாமல், பல நாள் அதே இடத்தில் மழையில் நனைந்துகொண்டு நிற்கும். ஆகவே கலவரத்துக்குக் கட்டினேன், பயங்கரவாதத்துக்கும் கட்டினேன். வருஷா வருஷம் கட்டினேன். "இன்ஷா அல்லாஹ் ஒண்ணும் நடக்காது சேர். நடந்தாலும் கவர் ஈக்கி, பயப்படாதீங்க" என்று அவர் வருஷா வருஷம் அதே சிரிப்போடு சொன்னார்.

இத்தனை வேகமான காரை நான் எங்கே ஓட்டினேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மாத்தளையிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் செக்பொயிண்ட். இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, டிக்கியைத் திற, யாருடைய கார், ஏன் இரண்டு கதவு. முன்னால் போன மாட்டு வண்டியை மறிக்க மாட்டார்கள். என்னை மறிப்பார்கள். வேகம் காட்டும் முள்ளு போகக்கூடிய தூரத்தில் கால்வாசிகூட அது போனதில்லை. எஞ்சின் பாவம், கட்டிப்போட்ட நாய் மாதிரி உறுமிக்கொண்டே ஊர்ந்து வரும். எனக்கு அலுத்துப்போய்விட்டது. ஆனால் அம்மா ஒவ்வொரு செக்பொயிண்டிலும் கண்ணாடியை இறக்கி, தனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில், இது என் சின்ன மகனுடைய கார், ஜப்பானில் இருக்கிறான், வரப்போகிறான் என்று கேட்காமலே அறிவிப்பாள். சில சிப்பாய்கள் சிரித்து வழிவிடுவார்கள். சிலர் அதனாலேயே இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள்.

யுத்த நிறுத்தம் வந்தபோது கொஞ்ச நாள் எல்லாம் மாறியது. யாழ்ப்பாணம் போகும் ரோட்டைத் திறந்தார்கள். வழி நெடுக இருந்த மண்மூட்டைகளை எடுத்தார்கள். ஒரு ஞாயிறு, பூசைக்குப் பிறகு, நாவுல தாண்டியதும் ரோடு நேராக, வெறுமையாகக் கிடந்தது. என்ன தோன்றியதோ, காலை அழுத்தினேன். சீட் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து என் மனைவி மாதாவே என்று கத்தினாள். அம்மா மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "அவன் இப்படித்தான் ஓட்டுவான்" என்றாள். அன்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தக் காரால் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. இந்த நத்தாருக்குக் கட்டாயம் வருகிறேன் என்று தம்பி சொன்னான். அம்மா கார் கழுவ ஒரு புதுச் சீலைத்துண்டு கிழித்து வைத்தாள். அவன் வரவில்லை. அடுத்த நத்தாருக்கும் வரவில்லை. பிறகு சண்டை மறுபடியும் தொடங்கிவிட்டது, மண்மூட்டைகளும் திரும்ப வந்துவிட்டன.

குண்டுச் செய்திகள் நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. காரை நிறுத்தினால் உள்ளே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்திருந்தது. நான் கடைக்குப் போனால் என் மனைவி காருக்குள் காவல் இருப்பாள். அன்று அவளுக்குக் காய்ச்சல். அம்மாவின் பிரஷர் மாத்திரை முடிந்திருந்தது. கராஜுக்குப் போய்த் திரும்பி வருகிற வழியில், திருகோணமலை வீதியில் ஒரு பார்மசிக்கு முன்னால் காரை நிறுத்தினேன். டவுன் பொலிஸ்காரர்கள் எல்லோருக்கும் என் யக்காவைத் தெரியும், அந்தத் தைரியம். அந்தக் கிழமைதான் சந்திக்குப் புதுச் சிப்பாய்கள் வந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

சாவியை எடுத்தேன், பூட்டினேன், உள்ளே போனேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பினால் கடைக்காரர் பாதி ஷட்டரை இழுத்துவிட்டுத் தரையில் படுத்திருக்கிறார். குனிந்து வெளியே வந்தேன். அத்தனை பெரிய வீதியில் ஒரு ஆள் இல்லை. ஒரு பாண் கூடை ரோட்டில் கவிழ்ந்து ரொட்டிகள் சிதறிக் கிடந்தன. நடுவில் என் கார் மட்டும் தனியாக, ஆளில்லாமல், உறுமிக்கொண்டு நிற்கிறது. உள்ளே சிவப்பு எண்கள் குறைந்துகொண்டு வருகின்றன. எதிர்ப்பக்கத்து மதிலுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிகள் என்னைப் பார்க்கின்றன. அப்போதுதான் எனக்கே விளங்கியது, அது வெளியே இருந்து பார்ப்பவனுக்கு என்னவாகத் தெரியும் என்று. இத்தனை வருஷம் பிள்ளைகள் கத்தியதைக் கேட்டும் எனக்கு அது தோன்றியதே இல்லை.

எண் தீர்ந்தது. எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் எங்கேயோ ஒரு பெண் வாய்விட்டு அழுத சத்தம் கேட்டது. ஒன்றும் வெடிக்கவில்லை.

கையை உயர்த்தச் சொன்னார்கள். ஒரு கையில் சாவி, ஒரு கையில் பிரஷர் மாத்திரை. என் சிங்களத்தில் ஒரு குறையும் கிடையாது, ஆனால் அந்தச் சாமானுக்கு இருக்கிற ஒரே பெயர் டைமர். உள்ளே இருப்பது டைமர்தான் என்று நான் சொல்லச் சொல்ல, முட்டியில் நிற்க வைத்தவர்கள் என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளின் தகப்பன்மார் மாடி ஜன்னல்களில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமா பயமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்தன.

குண்டு பார்க்கிறவர்கள் வந்து கண்ணாடியை உடைத்து, டாஷ்போர்டைப் பிடுங்கி, சீட்டுகளை அறுத்துப் போட்டார்கள். செபமாலையை மட்டும் தொடவில்லை. ஸ்டேஷனில் என்னைப் பற்றி அதிகம் கேட்காமல் தம்பியைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், எதற்கு அனுப்பினான், எப்போது வருவான். பலாபத்வல பாஸ் கேள்விப்பட்டு, எண்ணெய்க் கையோடு ஓடி வந்து, அது எஞ்சின் ஆறுவதற்கான சாமான், இந்த மனிதனுக்கு ஒரு டயர் மாற்றக்கூடத் தெரியாது என்று ஸ்டேஷன் பெரியவரிடம் சத்தியம் பண்ணினார். சாயந்தரம் விட்டார்கள். தம்பி வந்ததும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லித்தான் விட்டார்கள்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். "காருக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாத்திரைப் பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். அன்று அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"சேர், கலவரத்துக்குக் கட்டியிருக்கீங்க. கலவரம் நடக்கல்ல. பயங்கரவாதத்துக்குக் கட்டியிருக்கீங்க. அதுவும் நடக்கல்ல. கவர்மெண்ட் ஆக்கள் கடமையில உடைச்சதுக்குக் கவர் இல்ல."

"அப்ப ஒரு குண்டு இருந்திருந்தாத் தந்திருப்பீங்க?"

"அது தந்திருப்பாங்க சேர்" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

அம்மாவின் காதில் விழக்கூடாது என்று, வீட்டில் போன் இருந்தும், டவுனில் ஒரு போன் கடைக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வித்துருங்கண்ணே" என்றான்.

"அம்மாகிட்ட என்னடா சொல்றது?"

"நான் இங்க ஒரு பொண்ணக் கட்டிட்டேண்ணே. ஒரு பிள்ளையும் இருக்கு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பேப்பரெல்லாம் சரியாகிருச்சு."

"சரியாகிருச்சுன்னா வரலாமே?"

"வந்தா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்கன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க?"

அவன் மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் போனை வைத்தேன். வருஷக்கணக்காக ஒரு எஞ்சினுக்குக் காலையில் எழும்பி உயிர் கொடுத்தவன் நான். அதை விற்றுவிடு என்று சொல்ல அவனுக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. அம்மாவிடம் பொலிஸ் இனி இந்தக் காரை வைத்திருக்க விடாது என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் குசினிக்குள் போனாள். பாஸ் கண்ணாடி போட்டு, டாஷ்போர்டை ஒட்டி, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்தார். டைமர் போனது போனதுதான்.

தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சிங்களவர் வாங்க வந்தார். வேகத்தில் ஆசையுள்ள, கலகலப்பான மனிதர். நாவுல பக்கம் வரை ஓட்டிவிட்டுக் கண்கள் மின்னத் திரும்பி வந்து, எங்கள் முற்றத்தில் நிறுத்தி, உடனே சாவியைத் திருப்பினார். குசினியிலிருந்து அம்மா வந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. உடனே நிறுத்தக்கூடாது, ஸ்டார்ட் பண்ணு, ஆறவிடு, ஆறவிட்டு நிறுத்து என்று அரைகுறைச் சிங்களத்தில் அவரை அதட்டினாள். அவர் திகைத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். அம்மா கண்ணாடியிலிருந்து செபமாலையைக் கழற்றி எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள். அடுத்ததைச் சொல்ல அவளுடைய சிங்களம் போதாது.

"எங்க சின்னவன் வந்தான்னா, ஒரு தடவ ஓட்டிப் பாக்கக் குடுப்பாரான்னு கேளு."

கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் நெஞ்சில் கையை வைத்து, கட்டாயம் கொடுப்பேன் அம்மா, எப்போது வேண்டுமானாலும் தம்புள்ளைக்கு வரச் சொல்லுங்கள், என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, தம்பி எப்போது வருகிறார் என்று கேட்டார்.

"லபன அவுருத்தே" என்றேன். அடுத்த வருஷம். அந்த அளவுக்கு அம்மாவுக்குச் சிங்களம் தெரியும் என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

"எதுக்குப் பொய் சொல்ற?" என்றாள் அம்மா. "அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும். குடுப்பாரான்னுதான் கேட்டேன்."

அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மா சொன்னபடியே எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தார்.